அட்வான்ஸில் கழிந்த வீடு

சாமளாபுரத்தை விட்டு மங்கலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்டுக் கழுவிய கை இன்னும் காயவில்லை. பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ் நிற்கும் இடம் அக்கா குடியிருக்கும் லைன் வீட்டுக்கு நேர் எதிரே. அங்கே நின்றால் அவளும் வாசலுக்கு வந்து பஸ் வரும்வரை கூட நிற்பாள். அதைத் தாங்க முடியாது என்றுதான் அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன்.

சித்திரை பிறக்கப் போகிற வெயில். இரண்டு பக்கமும் குடோன்களில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. இந்தச் சத்தம் புதிதாக வருகிறவர்களுக்கு நாலு நாளில் பழகிவிடும் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழகுவது என்றால் என்ன என்று அன்று காலையில்தான் பார்த்தேன்.

சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கி நேராக அக்காவும் மச்சானும் வேலை செய்யும் குடோனுக்குப் போயிருந்தேன். டீ நேரம். தறிகளை நிறுத்திவிட்டார்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழை ஒன்றை முடிந்துகொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். அப்போதும் இல்லை. மச்சான் போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்து, "கண்ணு, எப்ப வந்த?" என்று முகமெல்லாம் சிரித்தாள்.

அவள் டீ வாங்கப் போனதும் மச்சான் சொன்னார். "இடது காது சுத்தமாப் போச்சு மாப்ள. வலதுல பாதி இருக்குது. தறிச் சத்தத்துல நிக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. இப்பவே வெளிய வந்துட்டா இருக்கற பாதியாச்சும் நிக்குமாம்."

"அப்புறம் ஏன் மச்சான் இன்னும் இங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தபடியே, "கடல் பாக்கற ஊடு எப்படி இருக்குது? ஊட்டுக்காரரு கடலையும் சேத்து உனக்கே எழுதிக் குடுத்துட்டாராமா?" என்றார்.

"ஊட்டக் காலி பண்ணிட்டேன் மச்சான்."

"சரி. அட்வான்ஸு?"

"வாடகைல கழிஞ்சு போச்சு."

அவர் டீ வருவதற்கு முன்பே போய்த் தறியை ஓட்டிவிட்டார். பிறகு அந்தச் சத்தத்துக்குள் என் காதருகே வந்து, "அவகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்று கத்தினார்.

எங்கள் பக்கம் தறிக்குச் சேரும்போது முதலாளியிடம் ஒரு தொகையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்வது வழக்கம். கல்யாணம், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கும். வட்டி கிடையாது. ஆனால் அதைத் திருப்பிக் கொடுக்காமல் தறியை விட்டு இறங்க முடியாது. வேறு குடோனுக்குப் போவதென்றால் அந்த முதலாளி வந்து இந்த முதலாளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஆளைக் கூட்டிப் போவார். யாரும் இதைக் கொடுமை என்று நினைப்பதில்லை. மழை வெயில் மாதிரி இதுவும் ஒன்று. அக்கா அப்படி வாங்கிய பணத்தில்தான் நான் சென்னையில் கடலோரம் ஒரு வீடு பிடித்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த வேலையிலும் நிலையாக நின்றதில்லை. திருப்பூரில் பனியன் தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தேன், மூலனூர் சந்தையில் முருங்கைக்காய் மூட்டை ஏற்றினேன், லாரியில் கிளீனராகப் போனேன், கடைசியில் சென்னையில் வீடு மாற்றிக்கொடுக்கிற ஒரு கம்பெனியின் வண்டியில் சேர்ந்தேன். அடுத்தவர்களின் கட்டிலையும் பீரோவையும் நாலு மாடி ஏற்றி இறக்குவது வேலை. அசந்து படுத்தால் வண்டியிலேயே தூக்கம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. குறை கண்டுபிடித்தது பெண் வீட்டார்தான்.

எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது என்று அக்கா ஒரு வீட்டில் பேசிப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"பையனுக்குச் சொந்த ஊடுங்களா?" என்று பெண்ணின் அம்மா கேட்டிருக்கிறார்.

"இல்லீங்க."

"வாடகைக்காச்சும்?"

"வண்டீலயே படுத்துக்குவானுங்க."

"அப்ப எம்புள்ளயும் வண்டீலயே படுத்துக்கோணுமாக்கும்?"

இதை அக்கா எனக்குப் போனில் சொல்லிச் சிரித்தாள். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு, "மெட்ராஸ்லயே நல்லதா ஒரு ஊடு பாரு சாமி. அட்வான்ஸுக்கு நானாச்சு" என்றாள். ஊரில் ஒரு லைன் வீடு பார்த்திருந்தால் போதும். அதை நான் சொல்லவில்லை. தினமும் அடுத்தவர்களுக்காக ஏறி இறங்கிய அந்தக் கடலோர வீடுகளில் ஒன்றுக்குள் என் செருப்பையும் கழற்றி வைக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

வாடகைக்கு என்று பலகை மாட்டியிருந்த இடத்தில் எல்லாம் குடும்பத்துக்கு மட்டும் என்றும் எழுதியிருந்தது. அக்கா கூட இருக்கப் போகிறாள், எனக்கும் சீக்கிரம் கல்யாணம் என்று சொல்லித்தான் ஒருவர் கொடுத்தார். ஒரு அறை, ஒரு சமையலறை, ஆள் திரும்பினால் சுவரில் முழங்கை இடிக்கிற குளியலறை. என் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகை. பராமரிப்பு தனி, தண்ணீர் லாரிக்குத் தனி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பத்து மாத வாடகை அட்வான்ஸ். சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் கடல் தெரியும். அந்த ஒரு சாணுக்குத்தான் அவ்வளவு விலை.

போன வருஷம் தை மாதம் பால் காய்ச்ச அக்கா வந்தாள். வீட்டுக்காரருக்குக் குடும்பத்தைக் காட்ட வேண்டுமே. பால் பொங்கியதும் அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்து, "தம்பியப் பாத்துக்குங்க சார்" என்றாள். ஜன்னலில் நின்று அந்த ஒரு சாணைப் பார்த்தாள். "அலைச் சத்தம் கேக்குதாக்கா?" என்றேன். "கேக்குது, கேக்குது" என்றாள். அங்கிருந்து எனக்கே ஒன்றும் கேட்காது. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. அடுத்த நாள் தறிக்கு நிற்க வேண்டும் என்று சாயந்திர ரயிலிலேயே போய்விட்டாள்.

ஆனி வரைக்கும் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தேன். வீட்டில் இருந்த நேரம் குறைவு. வாடகைக்காக ஓடிய நேரம்தான் அதிகம். ஆடி வந்தது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். வீடு மாற்றுகிறவன் ஆடியில் என்ன செய்வான் என்று தையில் நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். "இந்த மாசம் மட்டும் அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்." அவர் நல்ல மனிதர். சரி என்றார்.

அது அவ்வளவு சுலபமாக இருந்திருக்கக் கூடாது. ஆவணியில் வேலை குவிந்தது, கையில் காசு நின்றது. ஆனாலும் வாடகை கொடுக்கவில்லை. ஒரு மெத்தை வாங்கினேன், புதுச் செருப்பு வாங்கினேன். மனம் ஒரு இடத்தில் நிற்காமல் ராமேஸ்வரம் போய்ச் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். புரட்டாசியில் மறுபடி தலையைச் சொறிந்தேன். அப்படியே பங்குனி வரைக்கும் போயிற்று. மிச்சமிருந்த ஒரு மாதத்தைச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்த மாதங்களில் எல்லாம் அக்கா போன் செய்வாள். "பொண்ணு பாக்க வர்றவிங்களுக்கு ஊட்டைக் காட்டலாமல்ல?" என்பாள். காட்டலாம் என்பேன். ஒருவரும் வரவில்லை. மெட்ராஸ் தூரம் என்றார்கள்.

அன்று மதியம் அக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்து சோறு போட்டாள். நான் அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு ஆள் கூப்பிடுகிறார்களாம், அதைச் சொன்னாள். "வேன் வாசலுக்கே வருது கண்ணு. ஓட்டை, கறை இருக்குதான்னு பாத்து எடுத்து வெக்கற சோலிதான். எப்ப வேணாலும் வாங்கங்கறாங்க. இந்த லைன்ல இருக்கற ஊட்டுக்காரிக எல்லாம் அங்கதான் போறாளுக."

"போலாமல்லக்கா" என்றேன்.

"போலாம். உன்ற ஊட்டு அட்வான்ஸு எங்க போகப் போகுது, பேங்குல கெடக்கறாப்பலதான? உனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும். ஊர்ல ஊடு பாத்துக்கிட்டு அந்தக் காசத் திருப்பிக் குடுத்துரு. நான் எறங்கிக்கறேன்."

சோற்றைப் பிசைந்தபடியே, "அது இல்லக்கா. எல்லாங் கழிஞ்சு போச்சு" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அக்கா, "ரசம் ஊத்தட்டுமா?" என்றாள்.

ஊற்றச் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவினேன். திருப்பூரில் ஒருத்தரைப் பார்க்க வேண்டும் என்று பையை எடுத்தேன். சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிட்டது. அந்த வழியில்தான் இப்போது நடந்துகொண்டிருந்தேன்.

குளத்து வளைவில் ஒரு பைக் வந்து நின்றது. அக்காவின் தறி முதலாளி. பின்னால் நூல் கட்டு.

"ஏப்பா, ஒறம்பரையா வந்த அன்னிக்கே கெளம்பீட்டயா? அக்கா ஊட்டுச் சோறு காரமா?"

"இல்லீங்க. சோலி தேடிப் போறனுங்க."

"இங்க ஆளில்லாம என்ற தறி நாலு நிக்குது. இந்திக்காரப் பையன் ஊருக்குப் போனவன் போனை எடுக்கவே மாட்டீங்கறான். நீ சோலி தேடி எங்கயோ போற."

நான் முன்பே யோசித்து வைத்திருந்ததில்லை. வாயில் வந்துவிட்டது. "அக்கா அட்வான்ஸை என்ற பேருக்கு மாத்திக்குங்க. அவங்களை எறக்கி உட்டுட்டு அந்தத் தறீல நான் நிக்கறனுங்க."

அவர் பைக்கை அணைத்தார். "என்ற காசு இப்ப உன்ற அக்கா தலைமேல இருக்குது. அத எடுத்து உன்ற தலைமேல வெக்கோணுங்கற. உன்ற தலை நாளைக்கு எந்த ஊர்ல இருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"வாஸ்தவந்தானுங்க" என்றேன்.

அவர் பின்னால் இருந்த நூல் கட்டை இழுத்து இறுக்கினார். "உன்ற மச்சான் உனக்காக ஜாமீன் நிப்பானா?"

"தெரியலீங்க."

"அவன் சரீன்னா எனக்கும் சரி. ஆனா ஒண்ணு. நீ ஓடிப்போனீன்னா உன்ற அக்கா மறுக்கா இங்க வந்து நிக்கோணும். இருக்கற காதும் போச்சுன்னா நீதான் பதில் சொல்லோணும். நானில்ல."

"தெரியுங்க."

"தெரிஞ்சாச் சரி. காலைல ஆறு மணிக்கு வா." பைக்கை உதைத்துக்கொண்டு போனார்.

திரும்பி நடந்தேன். போன தூரம் ஒன்றும் பெரிதில்லை. மச்சானைக் குடோன் வாசலில் வைத்துக் கேட்டேன். அவர் துண்டால் தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, "உனக்காக நிக்கமாட்டேன் மாப்ள. அவளுக்காக நிக்கறேன்" என்றார்.

அக்கா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது பக்கம் போய்க் குத்த வைத்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். வாடகை கொடுக்காதது, அட்வான்ஸில் கழித்தது, ராமேஸ்வரம், செருப்பு எல்லாம். லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைக்கவில்லை.

அக்கா கையில் இருந்த வட்டிலைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"திங்கறப்பவே உன்ற ஒதடு அசஞ்சதப் பாத்தேன் கண்ணு. என்னமோ சொல்றான், மறுக்காச் சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ பையத் தூக்கீட்டுப் போயிட்ட."

அழுதிருந்தால் பரவாயில்லை. அவள் அழவில்லை. நாளைக்கு நான் அவள் தறியில் நிற்கப் போகிறேன் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

"நீ எத்தன நாளைக்கு நிப்ப?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். ரொம்ப நாள் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் அவளிடம் சொன்னதெல்லாம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண்தான், "நாளைக்கு வேன்ல எடம் இருக்குதுக்கா, வர்றதுன்னா டிபனைக் கட்டிக்க" என்று அவள் வலது பக்கம் வந்து கத்திவிட்டுப் போனாள்.

காலையில் ஆறு மணிக்கு அக்காவின் தறிகளில் ஏறினேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இதே மாதிரி ஒரு குடோனில் தார் போட்டிருக்கிறேன். நூல் சுற்றிய கட்டை தீரத் தீர, தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் புதிதாக வைப்பது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு தறி நின்றது. அதைப் பார்க்கப் போனால் இன்னொன்றில் இழை அறுந்து துணியில் கோடு விழுந்தது. முதலாளி தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, வராமல் போனார். மச்சான் தன் தறிகளை விட்டுவிட்டு வந்து அறுந்ததை முடிந்துவிட்டுத் திரும்பப் போவார், மறுபடி வருவார். எனக்குச் சேர்த்து அவர்தான் வேலை செய்தார்.

வெயில் ஏறியதும் என் காதருகே வந்து, "உன்ற அக்கா வேன் ஏறிட்டா" என்று கத்தினார்.

தலையை ஆட்டினேன். மூன்றாவது தறியில் தார் தீர்ந்துவிட்டிருந்தது. நிறுத்தி, வேறு போட்டு, ஓட்டினேன்.