பனிமலைக்கு நான் தேர்ந்தெடுத்த பாய்

போன வாரம் ஒரு மதியம். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூடம். ஃபேனுக்கு நேர் கீழே, ஆரஞ்சு நிறக் காற்றுப் பாயில் ஒரு பெரியவர் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பாய் இமயமலைக்கு என்று வாங்கியது. தேர்ந்தெடுத்துக் கொடுத்தவன் நான்.

செருப்புச் சத்தம் கேட்டுப் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். பாயை வாஞ்சையாகத் தட்டினார்.

"அருமையான பாய் தம்பி! இந்த மாசி வெயிலுக்கு முதுகுல என்னமா சில்லுன்னு இருக்கு..."

பாராட்டித்தான் சொன்னார். ஆனால், வெயிலுக்கே சில்லென்று இருக்கிற பாய், பனியில் எப்படி இருந்திருக்கும்?

மூன்று வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி பனிமலை உச்சியைத் தொட்டுவிட்டு வந்தாள், அவள் முதுகுக்குக் கீழே இருந்தது நான் தேர்ந்தெடுத்த பாய் என்று எழுதியிருந்தேன். சிலர் பாராட்டி எழுதினீர்கள். இரண்டு பேர் அந்தப் பாயின் பெயரைக் கேட்டு வாங்கியும் விட்டீர்கள்.

அந்த இரண்டு பேரும் தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மற்றவர்கள் மேலே படியுங்கள்.

அந்தப் பெண் கலைவாணி, பாயில் தூங்கிய பெரியவரின் மருமகள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நான் ஊர் ஊராய் அலைந்ததை எழுதுகிற இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவள். கபடி ஆடி இறுகிய உடம்பு. பனியைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதில் நடந்து ஓர் உச்சிக்கு ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மலையேற்றத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு குழுவில் இடம் கிடைத்தது. பொங்கல் விடுமுறையில்.

பொங்கல் விடுமுறையில்! நெல் விளைகிற வீட்டில், கதிர் வீடு வந்து சேர்கிற நேரத்தில், ஒரே மருமகள் பானை வைக்க இல்லாமல் மலைக்குப் போவது என்றால் லேசா? மாமியார் ராசாத்தி அக்கா மூன்று நாள் அவளோடு பேசவில்லையாம். நாலாம் நாள் பேசியது இவ்வளவுதான்: "போறதுதான் போற, உச்சியத் தொட்டுட்டு வா. பாதியில வந்து நின்னீன்னா ஊரு என்னைத்தான் கேக்கும்."

டென்ட், உள்ளே புகுந்து படுக்கிற பை எல்லாம் அங்கேயே தருவார்களாம். பாய் மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும். ஆன்லைனில் இரண்டு வரவழைத்தாள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்று எண்ணம். எனக்கு போன் செய்தாள்.

"நீங்க படுக்காத ஊரு உண்டாண்ணே? ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லுங்க."

இப்படி ஒருவர் கேட்டால் தலை கனக்காதா? கனத்தது. மார்கழி முடிய ஒரு வாரம் இருக்கும்போது பஸ் ஏறினேன்.

கூடத்தில் இரண்டையும் ஊதி விரித்து வைத்திருந்தாள். ஒன்று தடிமன், பச்சை. உள்ளே ஜிகினாத் தாள் மாதிரி ஏதோ வைத்துத் தைத்திருக்கிறார்கள் போல, புரண்டால் சரசரவென்று சத்தம். படுத்த ஐந்தாவது நிமிடம் முதுகு வியர்த்தது.

"என்னம்மா இது, சிப்ஸ் பாக்கெட் மேல படுத்த மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் கனம் ஏறியது.

அடுத்தது அந்த ஆரஞ்சு. இலேசு. சத்தமே இல்லை. உள்ளே வெறும் காற்று. உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. கன்னத்தை வைத்தேன். ஆஹா!

நம் ஊரில் பாய் வாங்குவது எப்படி? கும்பகோணம் கடைத்தெருவில் பாயை விரித்ததும் கடைக்காரர் சொல்கிற முதல் வார்த்தையே "நல்ல குளிர்ச்சிங்க" என்பதுதான். நாமும் கையை வைத்துப் பார்ப்போம். குளிர்ந்தால் நல்ல பாய். வருடத்தில் பத்து மாதம் வேகிற ஊரில் பிறந்தவனுக்கு இதைத் தவிர வேறு கணக்கு தெரியுமா?

"இதுதான் பாய்" என்றேன்.

கலைவாணி அட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இதுல ஆர் வேல்யூன்னு போட்டிருக்கே... பச்சைக்கு நாலரை, ஆரஞ்சுக்கு ஒண்ணே கால். அது என்னண்ணே?"

இங்கேதான் நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஏழாவது வரை. அந்தப் பெட்டியில் இருந்தது எல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். ஆர் வேல்யூ என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போனில் தேடிப் பாரம்மா என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

நான் சொன்னது: "அதெல்லாம் கம்பெனிக்காரன் விடுற கதைம்மா. உடம்பு சொல்றதக் கேளு."

உடம்பு! என் உடம்புக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதுதான் கொடுமை. இருபது வயதில் வடக்கே ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில் தை மாதக் குளிரில் படுத்திருக்கிறேன். இரண்டு கம்பளியையும் மேலே போர்த்திக்கொண்டு பல் கிடுகிடுக்கக் கிடந்தவனைப் பக்கத்தில் படுத்திருந்த கட்டட வேலைக்காரர் எழுப்பினார். ஒரு கம்பளியை உருவினார். மடித்து எனக்குக் கீழே போட்டார். பாஷை தெரியாது. தரையைத் தட்டி, என் முதுகைத் தட்டிக் காட்டினார். நடுக்கம் நின்றது.

குளிர் தரையிலிருந்துதான் வரும். மூன்று குளிர்காலம் அந்த அறிவில்தான் பிழைத்தேன். ஒரத்தநாட்டுக் கூடத்தில், கையில் காபி டம்ளரோடு, நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது... மறந்துவிட்டேன்.

தை மாதக் கடைசியில் அவளுக்கு போன் செய்தேன். "போயிட்டு வந்தாச்சா?"

"வந்துட்டேண்ணே."

"பாய் எப்படி?"

"நல்லா இருந்துச்சுண்ணே."

உச்சிக்குப் போனாயா என்று நான் கேட்கவே இல்லை. நானே ஏற்றிவிட்டேன், எழுத்தில்.

அந்தப் பத்திரிகையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டுதான் போன வாரம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பாராட்டு வாங்க.

காபி வந்தது. கொண்டு வந்த ராசாத்தி அக்கா பத்திரிகையைப் பார்த்தார்.

"நீங்களாவது எழுதாம இருந்திருக்கலாம் தம்பி. உச்சிக்கு எங்க போனா இவ? ரெண்டாம் ராத்திரியே வெடவெடன்னு நடுங்கி, வாய் கொழறி, கைத்தாங்கலா கீழ எறக்கிவிட்டுட்டாங்க. கபடி ஆடுன உடம்பாம்! பொங்கப் பானைய வுட்டுட்டுப் போயி என்னத்தக் கண்டா? குளிரு தாங்காத உடம்புக்கு மலை எதுக்கு?"

கலைவாணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். "ஆமாத்தே, என் உடம்புதான் கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள். ஒன்றும் சொல்லாதீர்கள் என்று அர்த்தம்.

அக்கா விடவில்லை. "இவுக எழுதுனத பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சரு பிரேயர்ல படிச்சிருக்காங்க. புள்ளைங்கள்லாம் கைதட்டிருக்கு. இவ மைக்க வாங்கி, நான் உச்சிக்குப் போகல, பாதியிலயே எறங்கிட்டேன்னு சொல்லிட்டு வந்து நிக்கிறா. எனக்குத் தெருவுல தல காட்ட முடியல."

நானூறு பிள்ளைகளுக்கு முன்னால் அவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா?

காபியைக் குடித்தேன்.

ஒரு டம்ளர் காபி குடித்து முடிகிற நேரம் முழுக்க அவள் என் தப்புக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் டம்ளரை வைத்தேன். "வரேங்க்கா" என்றேன். கிளம்பிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் படுத்ததற்கோ, பசியில் கையேந்தியதற்கோ நான் வெட்கப்பட்டதில்லை. அந்த வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்த நடை இருக்கிறதே... அதை என்னால் இப்போதும் நேராக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு தஞ்சாவூர் பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது. கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"அக்கா, தப்பு அவ உடம்புல இல்ல. பாய்ல. பாய எடுத்துக் குடுத்தது நான்."

ராசாத்தி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவளக் காப்பாத்துறதுக்குச் சொல்றீங்க."

"இல்லக்கா, நெசமாத்தான்."

"ஒரு பாய்ல என்ன இருக்குங்குறேன்? அதான் நல்லாத் தூங்குறாரே இவரு."

அப்போதுதான் கலைவாணி வாயைத் திறந்தாள். மலையில் கூட வந்த கைடு பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதிலா படுத்தீர்கள் என்று தலையில் கை வைத்தாராம். அந்தப் பச்சைப் பாயைத் திருப்பி எடுத்துப் போக இந்தக் கிராமத்துக்குக் கடைசி வரை வண்டி வரவில்லை. இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறதாம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஆசையா எழுதிட்டீங்களேண்ணே."

அக்காவுக்கு இதெல்லாம் போதவில்லை. எதையும் கையால் தொட்டுப் பார்த்தால்தான் நம்புகிறவர். மகன் குமரேசனைக் கூப்பிட்டார். "மீன் மார்க்கெட்டுல ரெண்டு ஐஸ் பார் வாங்கிட்டு வாடா."

அரை மணியில் பைக்கில் வந்தது. சாக்கைப் பிரித்தால் உள்ளே நெல் உமி, உமிக்குள்ளே ஐஸ். அந்த வெயிலில் ஓரம்கூடக் கரையவில்லை.

"எப்படிடா உருகாம வந்துச்சு?" என்றேன்.

"உமிக்குள்ள காத்து நகராம நிக்கும்ண்ணே. வெளிச்சூடு உள்ள போவாது" என்றான் குமரேசன், இது என்ன கேள்வி என்பது போல.

வெளிச்சூடு உள்ளே போகாவிட்டால், உடம்புச் சூடும் வெளியே போகாது. ஆர் வேல்யூ என்பது ஒரு பாய் சூட்டை எவ்வளவு தடுத்து நிறுத்தும் என்ற அளவாம்; நாலரைக்கும் ஒன்றே காலுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சாக்குக்குள் இருந்தது. நெல் விளைகிற ஊரில் எந்த வீட்டிலும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கேட்டிருந்தால்.

முற்றத்தில் இரண்டு பாரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, மேலே ஆரஞ்சுப் பாயை விரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

முதல் நிமிடம் சுகம். மூன்றாவது நிமிடம் முதுகெலும்பில் குளிர் தெரிந்தது. ஆறாவது நிமிடம் தாடை தானாக ஆட ஆரம்பித்தது. எழவில்லை. எழுகிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

"தம்பி, போதும், எந்திரிங்க. சளி கிளி புடிச்சிரப்போவுது" என்று அக்காதான் கையைப் பிடித்துத் தூக்கினார். பிறகு தானே சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்து, மெல்லச் சாய்ந்தார். எண்ணி இரண்டு நிமிடம்.

"ஆத்தாடி!"

துள்ளி எழுந்தவர் மருமகளைப் பார்த்தார்.

"ரெண்டு ராத்திரியும் இதுலயாடி படுத்திருந்த?"

கலைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பரணில் ஏறினாள்.

பச்சைப் பாயை ஐஸ் மேல் விரித்தோம். அக்காவே படுத்தார். கால் மணி நேரம் ஆனது. புரண்டார், சரசரவென்றது. "ஒண்ணும் தெரியல" என்றார். படுத்தபடியே சொன்னார்:

"அடுத்த பொங்கலுக்குப் பானைய நான் பாத்துக்குறேன். நீ இந்த சிப்ஸ் பாக்கெட்ட எடுத்துக்கிட்டுப் போ. தொட்டுட்டு வா."

என்னை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்டேன். கலைவாணி, "விடுங்கண்ணே" என்றாள். அப்படி எளிதாக விட்டுவிட முடிகிறதா? அதனால்தான் தம்பட்டம் அடித்த இதே பக்கத்தில் இதையும் எழுதுகிறேன். அவள் பள்ளிப் பிரேயரில் இதையும் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆரஞ்சுப் பாயைப் பெரியவர் துடைத்துக் கொண்டுபோய், மறுபடி ஃபேனுக்குக் கீழே போட்டுக்கொண்டார்.

"தெரியாதும்மா" என்ற ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பத்திரண்டு வயதும் இரண்டு ஐஸ் பாரும் ஆகியிருக்கிறது.