நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டினேன்

மாதவிலக்கு நாட்களில் மட்டும் இருந்த அடிவயிற்று வலி, போகப்போக எல்லா நாளும் வரத் தொடங்கியது. வலியோடேயே தறிப்பட்டறை வேலைக்குப் போய்வந்தேன். சங்ககிரியில் லாரி ஓட்டும் என் கணவர் ஸ்கேன் எடுக்கப் பல இடங்களுக்கு அழைத்துப் போனார். எல்லாவற்றிலும் 'நார்மல்' என்றே வந்தது. கடைசியில் அவருக்கே சலித்துவிட்டது. "வலி வயித்துல இல்ல புள்ள, உம்பட மனசுலதான் இருக்குது" என்றார்.

சேலத்தில் ஒரு பெண் மருத்துவர், லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கலாம் என்றார். தொப்புள் அருகே சிறு துளையிட்டு, கேமராவை உள்ளே செலுத்தி நேரிலேயே பார்ப்பார்களாம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் படுத்திருந்தபோது, மயக்க ஊசிக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்து நர்ஸ் தைரியம் சொன்னார். என் பயமே வேறு.

"ஏனுங்க சிஸ்டர், உள்ளயும் ஒண்ணுமில்லீன்னு வந்துட்டா, ஊட்டுல போய் நான் என்னங்க சொல்றது?"

அவர் என் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே மயங்கிப்போனேன்.

கண் விழித்தபோது கணவர் பக்கத்தில் நின்றார். அழுதிருந்தது தெரிந்தது. "ஒண்ணுமில்லீங்களா?" என்றேன்.

"இருந்துச்சு சாமி. கர்ப்பப்பைக்குள்ள இருக்கற சதை மாதிரியே வெளியவும் திட்டுத்திட்டா வளந்து கொடலோட ஒட்டிக் கெடந்துச்சாம். டாக்டரம்மா வீடியோவுல காட்டுனாங்க. இத்தன வலியோடயா நீ தறி ஓட்டுன?"

அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். அப்போதே அகற்றிவிட்டார்கள். மாத்திரை தொடர்கிறது, வலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் தறிப்பட்டறையில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்" என்று யாரையும் சொல்ல விடுவதில்லை. மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.