கொம்பு தனி, கால் தனி

அது ஆவணியின் கடைசி முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை. என் மனைவி உறவுக்காரர் கல்யாணத்துக்குத் திட்டக்குடி போயிருந்தாள். விருத்தாசலத்தில் அவள் நடத்தும் சிறிய பீங்கான் யூனிட்டுக்கு வரும் மின்னஞ்சலை அன்று நான்தான் பார்த்தேன். காலையில் வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பீங்கான் சுவிட்சின் வரைபடம் வந்தது. செய்ய முடியுமா என்று மாலைக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆர்டர் வேறு யூனிட்டுக்குப் போய்விடும். அவர்கள் எதையும் பூட்டித்தான் அனுப்புவார்கள். அதைத் திறக்கும் கடவுச்சொற்றொடர் அவளுக்கு மட்டுமே தெரியும்.

போன் செய்தேன். பின்னால் நாதஸ்வரம்.

"இங்க எப்புடிங்க சொல்றது? சுத்தி எல்லாரும் இருக்காங்க."

"மெதுவா சொல்லேன்."

"மெதுவா சொன்னா உங்க காதுல வுழாதே." தயங்கிவிட்டு உரக்கவே சொன்னாள். "கொசுவத்தி கொளுத்தாம கொறட்டை விடாத மனுசன். தமிழ்லயே அடிங்க."

பக்கத்தில் யாரோ, "யாருடி அது?" என்றார்கள்.

"வேற யாரு, எங்க வூட்டுக்காரருதான்."

மண்டபத்துச் சிரிப்பு என் காது வரை வந்தது.

அடித்தேன். தவறு என்று சொல்லி, கடவுச்சொற்றொடர் கேட்கும் பெட்டி மறுபடி வந்து நின்றது. அந்தக் கணினியில் லினக்ஸ் போட்டவன் நான். குற்றம் அதன் மேல்தான் என்று முதலில் நினைத்தேன். கடவுச்சொற்றொடரை நினைவில் வைத்திருக்கும் நிரலை நிறுத்தி மீண்டும் தொடங்கினேன். பிறகு, புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகளையே காட்டச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் திறக்கவில்லை.

மறுபடி போன்.

"கொறட்டைக்குப் பெரிய ற தானே?"

"பின்ன? வாத்தியார் மாதிரி குறட்டைன்னு திருத்தி வச்சீங்களா?"

"இல்லம்மா, நீ சொன்னபடிதான். சரி, கொ எப்புடி அடிப்ப?"

"எப்புடி அடிப்பாங்க? க, ஒத்தக் கொம்பு, காலு."

அவள் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். கொம்பும் காலும் அவள் விரலுக்குத் தனித்தனி. நான் இரண்டும் சேர்ந்து விழும் ஒரே விசையைத் தட்டுகிறவன். திரையில் இரண்டும் ஒரே கொ தான். கணினியோ உள்ளே என் கொம்பு-காலை ஒரு குறியாகவும் அவளுடையதை இரண்டு குறிகளாகவும் வைத்துக்கொள்கிறது. கடவுச்சொல் என்று வரும்போது அது கண்ணால் பார்ப்பதில்லை.

கொம்பைத் தனியாக, காலைத் தனியாக அடித்தேன். வரைபடம் திறந்தது. போனை வைக்காமல் அளவுகளை அவளுக்குப் படித்தேன். பக்கச் சுவர் மூன்று மில்லிமீட்டர் என்றதும் நிறுத்தினாள்.

"மூணு ஆவாதுங்க, சூளையில நெளிஞ்சிடும். நாலு குடுத்தா செய்றோம்னு எழுதுங்க."

"ஆர்டர் போயிட்டா?"

"நெளிஞ்சத அனுப்பினா அடுத்ததும் போயிடும். எழுதுங்க. பந்தியில எடம் புடிச்சி வச்சிருக்காங்க, போறேன்."

எழுதி, பூட்டி அனுப்பினேன். அவள் பஸ் ஏறிய பிறகு பதில் வந்தது. இந்த முறை நேராகவே திறந்தேன். நான்கு சம்மதம் என்றிருந்தது. பஸ் இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னேன்.

"நாலா? சரின்னுட்டாங்களா?" என்றாள். "அப்ப நாளைக்கே அச்சுக்கு ஆளக் கூப்புடணும். நீங்க சாப்ட்டீங்களா, இல்ல அந்தப் பொட்டி முன்னாடியே ஒக்காந்திருக்கீங்களா?"

நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.