அணிலக்காவின் வசைக் கிடங்கு

ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் நிற்கிறது. எல்லோரும் இறங்குகிறார்கள், அணிலக்கா மட்டும் இறங்கவில்லை. மூலையில் சாய்ந்தபடியே மறுபடி தரைத்தளப் பொத்தானை அழுத்துகிறார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குறிப்பேடு, காதில் பாட்டே ஓடாத ஹெட்போன். சாப்பாட்டு இடைவேளையில் பாதி இப்படி ஏறி இறங்குவதிலேயே போய்விடும். மேல்மாடிக்காரர்களைக் கீழ்மாடிக்காரர்களும், அவர்களை இவர்களும் மனம்விட்டுத் திட்ட அந்த லிஃப்டை விட்டால் வேறு நல்ல இடம் கிடையாது.

அக்காவின் வேலை கணினி விளையாட்டுகளுக்குக் கதை எழுதுவது. இப்போது எழுதுவது விண்வெளிக் கதைதான், ஆனால் எடுத்த இடம் குளிர்நாட்டு நார்ஸ் புராணம். அதில் ஒன்பது உலகங்களைத் தாங்கும் ஒரு மரம் உண்டு. உச்சியில் கழுகு, வேரடியில் நாகம். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்று திட்டுவதை மற்றதிடம் சுடச்சுடக் கொண்டுசேர்ப்பது ஓர் அணில். அக்கா கைபட்டதும் மரம் ஒன்பது தள விண்நிலையமாகிவிட்டது. கழுகு தளபதி, நாகம் எஞ்சின் அறைத் தலைவி, அணில் ஒரு குட்டி ரோபோ. பட்டப்பெயர் வந்ததும் இப்படித்தான்.

புராணத்து ஆட்களைச் சொந்தபந்தமாகவே பேசுவார். ஞானத்துக்காகக் கண்ணைக் கொடுத்த ஓடின் "ஒத்தக்கண்ணு பெரியப்பா". சுத்தியல்காரத் தோர் "கோவக்காரச் சித்தப்பா". எல்லா வம்புக்கும் காரணமான லோகி மட்டும் செல்லம்: "நம்ம மாமா இல்லேன்னா கதை நகரவே நகராது, தெரியுமா?"

வீட்டில் கணவர் வாயைத் திறக்கவே யோசிப்பார். "கோவத்துல ஒரு வார்த்தை விட்டாப் போதும், அடுத்த மாசம் அது விண்வெளியில கேக்குது!" என்பது அவர் புலம்பல். அக்காவுக்குப் பேச்சுதான் முக்கியம். யார் பேசியது என்று ஒருநாளும் குறித்துவைத்ததில்லை.

இன்று சாயங்காலம் அந்த அணிலுக்குக் கண்டம். "சுடத் தெரியாது, சண்டை போடத் தெரியாது. எதுக்கு அது? தூக்கிடலாம்" என்றிருக்கிறார் குழுத் தலைவர். ஒரே ஒரு முறை விளையாடிப் பார்த்து முடிவு சொல்வாராம். இரண்டு வருஷம் வளர்த்த அணில். அக்காவுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. "சண்டை தெரியாதாம்! சண்டையே அதாலதானே நடக்குது!" என்று தண்ணீர்ப் பாட்டிலிடம் முறையிட்டார்.

தலைவர் வந்து உட்கார்ந்தார். ஆட்டத்தில் அவர் எஞ்சின் அறைத் தொழிலாளி. தளபதி அனுப்பிய உத்தரவைப் பார்த்துத் தலைவி கத்தினாள். குட்டி ரோபோ அதை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டது: "மேல உக்காந்திருக்கறவருக்கு ஏசிக் காத்து பட்டுப் பட்டு மூளையே வெறைச்சுப் போச்சு!" சொல்லிவிட்டு உச்சித் தளத்துக்கு ஓட்டம் பிடித்தது.

தலைவரின் காது சிவந்தது. போன மாதம் மேல்மாடியிலிருக்கும் கம்பெனி இயக்குநரைப் பற்றி அவரே லிஃப்டில் சொன்னது அது. அக்காவுக்கும் அப்போதுதான் உறைத்தது. தொலைந்தது, அணிலோடு சேர்த்து வேலையும் போச்சு என்று குறிப்பேட்டை மேசைக்கடியில் தள்ளினார்.

தலைவர் கதவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதுக்கு... அந்தத் தளபதி என்ன பதில் சொன்னாரு?"

பதில் மூன்று பக்கம், அக்காவுக்கு மனப்பாடம். ஆனால் கீபோர்டை இரண்டு விரலால் மெல்ல அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திவைத்தார்.