பெல்லிலை ஒட்டின பேர்

என்ர மனுசியின்ர முதலாம் ஆண்டுத் திவசம் முடிஞ்ச கிழமைதான் அது நடந்தது. வடைக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு ராசன் என்னைப் பகிடி பண்ணினவன். ஆறு வருசமா என்ர பின்னறையிலை வாடகைக்கு இருந்தவன். ஆனா வீட்டுப் பதிவிலை அவன்ர பேர் இல்லை. பதிஞ்சா என்ர பெர்மெஸ்ஸோவுக்கு, இத்தாலியிலை இருக்கிற அனுமதிக்கு, கரைச்சல் வருமெண்டு நான்தான் விடேல்லை.

மொண்டெல்லோக் கடற்கரையிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை கோப்பை கழுவினவன். அங்கை பொலிஸ் அவனையும் சமையல்கார இத்தாலியனையும் பிடிச்சது. ரெண்டு பேரின்ர பொக்கெற்றிலையும் ஒரேயளவு கஞ்சா. இத்தாலியனுக்குத் தாயின்ர வீட்டிலை வீட்டுக்காவல். ராசனுக்கு விலாசம் இல்லையெண்டு சிறையிலை மறியல்.

ராசன்ர வக்கீல் சிஞ்ஞோரா எனக்கு ரெலிபோன் எடுத்தா. "ராசன் உங்கடை வீட்டிலைதானே இருக்கிறவர்? ஓம் எண்டு ஒரு கையெழுத்து வைச்சா, அவரையும் வீட்டுக்காவலிலை விடுவினம்."

அவன்ர சாரம் என்ர பல்கனிக் கொடியிலை காயுது. அதைப் பாத்துக்கொண்டே சொன்னன்: "அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை."

பிறகொருநாள் கால்சாப் பக்கத்துத் தெருவாலை போறன், அந்தச் சமையல்காரன் தாயின்ர பல்கனியிலை நிண்டு என்னைத் தாத்தாவெண்டு கூப்பிடுறான்: "நோனோ! ராசன் எங்கை? வரச் சொல்லு, அலுப்படிக்குது!"

நான் தலையைக் குனிஞ்சுகொண்டு மற்ற ஒழுங்கைக்குள்ளை திரும்பினன்.

மறியலாலை வந்த ராசன் என்னட்டை வரேல்லை. வேறை ஊருக்குப் போட்டானாம். இவங்கடை சட்டம் ஆளின்ர நிறம் பாக்குது எண்டு சனம் கதைக்குது. உண்மைதான். ஆனா கதவை உள்ளாலை பூட்டினது நான். பின்னறையிலை சத்தம் கேட்டா இப்பவும் அவனெண்டு எழும்புறன்.

வாசல் பெல்லிலை என்ர பேருக்குக் கீழை அவன்ர பேரையும் எழுதி ஒட்டியிருக்கிறன். ஆராவது அவனைக் கண்டா, அதை மட்டும் சொல்லிவிடுங்கோ.