மறுபடியும் கூப்பிட்ட வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஷமீமாவிடமிருந்து போன். எடுத்ததும் நான் 'ஹலோ' சொல்லவில்லை. "என்ன ஒடைஞ்சுச்சு?" என்றுதான் கேட்டேன்.

பழக்கதோஷம்! என் மகள் யாழினிக்குப் பதினோரு வயது. ஏ.டி.ஹெச்.டி. கவனம் ஓரிடத்தில் நிற்காது, காலும் நிற்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற நாங்கள் 'ஸாரி'யைக் கைப்பையிலேயே வைத்திருப்போம்... எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

தேனியில் அவளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார்: "யாரோட விளையாடுறா?" நானோ மார்க் கூடியதையும் கையெழுத்து திருந்தியதையும் சொல்லிச் சமாளிப்பேன். மாத்திரையும் பயிற்சியும் நன்றாகத்தான் உதவுகின்றன. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறந்தநாள் என்று கூப்பிடுவார்கள், போவாள். அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வந்ததே இல்லை. இவளுக்கு அதெல்லாம் உறைக்காது என்று நினைத்திருந்தேன். அதுவே எனக்கு ஒரு ஆறுதல்.

அன்றைக்கு ஷமீமாவின் மகள் அஃப்ரினுக்குப் பிறந்தநாள். யாழினியின் வகுப்புத்தோழி. அவர்களுக்கு ஏலக்காய் வியாபாரம் — போடியில் வேறென்ன? மாடியில் வீடு, கீழே காய் பிரிக்கும் ஸ்டோர்.

"ஒண்ணும் ஒடையலக்கா. காய்தான் கலந்துபோச்சு. கேக்கு வெட்டியாச்சு, நீங்களும் வாங்க."

காய் கலந்தால் என்ன என்கிறீர்களா? எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்! போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கும் காயைக் குண்டுக் காய் தனி, சிறு காய் தனி என்று விலைவாரியாகப் பிரித்துக் குவித்திருப்பார்கள். ஒளிந்து விளையாடப் போனவள் அந்த இரண்டு குவியல்களிலும் சறுக்கி விழுந்து, எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டாளாம்.

ஸ்கூட்டரில் போகும்போதே மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

போய் நின்றால் — பிறந்தநாள் விழா மொத்தமும் ஸ்டோருக்குள் இறங்கியிருக்கிறது! ஜிகினா கவுன் போட்ட பிள்ளைகள் பெரிய சல்லடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டுகிறார்கள். சிறு காய் பொலபொலவென்று கொட்ட, ஒரே கூச்சல். யாழினி? கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, பூனையைத் துரத்திக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாளாம்.

"ஷமீமா, மன்னிச்சுக்கம்மா..."

"அட, விடுங்கக்கா. சல்லடைல போட்டா பிரிஞ்சுட்டுப் போகுது. பாட்டுப் போட்டு ஆடச் சொன்னேன், ஒரு பிள்ளகூட அசையல. ஆளுக்கொரு போனு! இவ போயி விழுந்த பெறகுதான் வீடே கலகலன்னு ஆச்சு." பிறகு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழமையும் அனுப்பி விடுங்க. அஃப்ரின் கேக்குறா."

தலையை மட்டும் ஆட்டினேன். அன்று சொல்ல முடியாததை இங்கே சொல்லிக்கொள்கிறேன் — நன்றி, ஷமீமா. நீ என்ன கொடுத்தாய் என்று உனக்கே தெரியாது.

திரும்பும்போது பின்சீட்டிலிருந்து யாழினி கேட்டாள்: "அம்மா, மறுபடியும் வரச் சொன்னாங்கன்னு அஃப்ரின் சொன்னா. நெசமாத்தானே? இதுவரைக்கும் யாருமே அப்படிச் சொன்னதில்லம்மா."

வண்டியை ஓரம்கட்டினேன். கண்ணில் தூசி என்றேன். உறைக்காது என்று நான் நினைத்ததெல்லாம் என் பிள்ளைக்கு உறைத்திருக்கிறது... ஒவ்வொரு வீடும் நினைவிருக்கிறது. கவனம் இல்லாத பிள்ளையாம்!

டாக்டரம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அஃப்ரினோடு விளையாடுகிறாள்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன். ஒரு காலில்தான் செருப்பு.

"இன்னொண்ணு எங்கடி?"

"அங்கயே கெடக்கும்மா."

வேறு நாளாக இருந்தால் தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். கிடக்கட்டும்... எப்படியும் ஞாயிற்றுக்கிழமை போகத்தானே போகிறாள்!