பேக்கிங்குக்குப் போன அட்டை

அலுவலக வாகனத்தின் எஞ்சினை, அங்கீகரிக்கப்பட்ட பட்டறையைத் தவிர வேறெங்கும், வேறெவரும் திறக்கக் கூடாது. விதி இவ்வளவுதான். இதற்கு விலக்கு ஏதும் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இளம்பிள்ளையில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, ஆட்டையாம்பட்டி வரைக்குமான சாலைகளைக் கவனிக்கும் ஓவர்சியராக இருந்தேன். அதற்காக அலுவலகம் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொடுத்திருந்தது. அது எண்ணெய் ஒழுகியது. எஞ்சினின் வலப்பக்க மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் இற்றுப்போய், நிறுத்திய இடத்திலெல்லாம் கறுப்பாக ஒரு வட்டத்தை விட்டுவிட்டு வந்தது. முறைப்படி சேலத்துப் பட்டறைக்கு எழுதினேன். சாமான் இல்லை, வண்டியை அனுப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கவும் என்றார்கள். அப்படி அனுப்பிய வண்டிகள் எனக்குத் தெரிந்து திரும்பியதில்லை.

திங்கட்கிழமை மேலதிகாரி தணிக்கைக்கு வருவதாக இருந்தார். வண்டிக்கு அடியில் கறையைக் கண்டால் "பராமரிப்பு திருப்தியில்லை" என்று ஒரு வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் ஞாயிறு காலையில் வீட்டு வாசலில் சாக்கை விரித்து எஞ்சினைத் திறந்தேன்.

எண்ணெயை வடித்தேன். திருகாணிகள் ஒரே நீளமானவை அல்ல என்பதால் கழற்றியவற்றை மூடியில் இருந்த வரிசைப்படியே சாக்கில் குத்தி வைத்தேன். பழைய பேக்கிங் தோசைக்கல்லில் தீய்ந்த மாவு மாதிரி ஒட்டியிருந்தது. உலோகத்தில் கீறல் விழக்கூடாது. தோசைத் திருப்பியால் பையப் பையச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். பங்கீட்டு மண்ணெண்ணெய். என் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"தோசைத் திருப்பியும் போச்சு, சீமெண்ணெயும் போச்சு. பொழுது சாஞ்சா அந்த வண்டியவே பத்த வெச்சுக்கலாமுங்க, ஊடெல்லாம் வெளிச்சமா இருக்கும்" என்றாள்.

புதிய பேக்கிங்குக்கு அலுவலகக் கோப்பு அட்டை ஒன்றை வைத்திருந்தேன். மூடியின் மேல் அதை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டினால் விளிம்பின் அச்சு அட்டையில் விழும். அதன்மேல் வெட்டி எடுத்துவிடலாம். வெட்டினேன், பொருத்தினேன், எண்ணெய் ஊற்றி உதைத்தேன். வண்டி கிளம்பியது. ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கோப்பு அட்டை ஊறிக் கூழாகி, முன்னைவிடத் தாராளமாக ஒழுகியது. எதையும் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல அது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவாளியும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். சேலத்து முதலாளி ஒருவருக்குப் பட்டுச் சேலை நெய்துகொடுப்பவர் அவர். தறிச் சத்தம் நின்றது. மதிலுக்கு மேல் தலை தெரிந்தது.

"ஏனுங்க ஓவர்சியரே, காலங்காத்தால அதோட கொடல உருவிப் போட்டுட்டீங்க?"

"எண்ணெய் ஒழுகுது."

"செக்கு கட்டற செலவு மிச்சமுங்க. ஊருக்கே ஊத்தலாம்." நான் மறுபடி கழற்றிப் போட்டிருந்த அட்டைக் கூழைப் பார்த்துச் சிரித்தார். "சீமை எஞ்சினுக்கு நம்ம சர்க்கார் அட்டை ஒத்துக்கலீங்களாட்ட."

"கெட்டியான அட்டை வேணும். உங்க தறி அட்டையில துண்டு ஏதாச்சும் மிச்சம் இருக்குமா?"

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உண்டு. கெட்டி அட்டையைப் பட்டைகளாக வெட்டி, துளை குத்தி, ஒன்றோடொன்று கோத்து அதில் சுற்றிவிடுவார்கள். ஒவ்வொரு பட்டையும் பூவேலையின் ஒரு வரி; துளை உள்ள இடத்தில் மட்டும் பெட்டியின் ஊசி ஏறி இழையைத் தூக்கும். கடைசிப் பட்டை சுற்றி வந்து முதல் பட்டையோடு சேர்ந்தால்தான் சேலையின் கரை அறுபடாமல் ஓடும். அதுவரை முதலாளி கொடுத்த டிசைனையே நெய்து வந்த மனிதர், அந்த வருஷம் முதல் தடவையாகத் தானே ஒன்று வரைந்திருந்தார். வெள்ளரிக் கொடி. இலையும் பிஞ்சுமாகக் கரை முழுதும் படர்ந்து போகும். ஆடி முடிவதற்குள் மாதிரிச் சேலை கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் அந்தக் கொடியை அவர் ஒருவர்தான் நெய்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். காகிதத்தில் வரைந்ததை மதில் வழியாகக் காட்டியிருக்கிறார். அழகாக இருக்கிறது என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

"இருக்குதுங்க, அதுக்கென்னங்க" என்று உள்ளே போனார்.

"அதையா?" என்று அவர் மனைவியின் குரல் கேட்டது. பிறகு இவர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். முழு அட்டை ஒன்றோடு திரும்பி வந்தார்.

"துண்டுதானே கேட்டேன்."

"துண்டு இல்லீங்க. இது ஒண்ணுதான் இருக்குது. கொடி நுனிக்கு வெச்சிருந்தனுங்க. நீங்க சர்க்கார்ல இருக்கறவரு, எனக்கு ஒரு அட்டை வாங்கிக் குடுக்க மாட்டீங்களா?"

அந்தச் சீமையில் மதில் தாண்டிக் கேட்டவருக்கு யாரும் இல்லை என்று சொல்வதில்லை. இருக்குதுங்க என்பார்கள். அது எதற்காக இருக்கிறது என்று விசாரித்து, வேண்டாம் என்று சொல்வது கேட்டவரின் பொறுப்பு. அங்கே பல வருஷம் குடியிருந்தவன் நான், இது தெரியாதவன் அல்ல. விசாரிக்காமலே அவர் சொல்லியும்விட்டார். "ஒரே வாரத்தில் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தேன்.

அருமையான அட்டை. அச்சு கத்தி வெட்டியதுபோல் விழுந்தது. திருகாணித் துளைகளைக் குத்தி, இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவி, மூடியை வைத்து, எதிரெதிர்த் திருகாணிகளாகச் சிறிது சிறிதாக முடுக்கினேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மறுநாள் மேலதிகாரி காரில் வந்தார், காப்பி குடித்தார், மழை வருமா என்று கேட்டார், போய்விட்டார். வண்டி நின்ற பக்கமே அவர் திரும்பவில்லை.

அப்போது காகிதத்துக்குக் கட்டுப்பாடு. அந்த வகை அட்டை கடையில் கிடையாது. அனுமதி வாங்க வேண்டும். எப்படி எழுத வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. நெசவாளியின் பெயரில் மனு, தேவைக்கான காரணம், என் சிபாரிசு, எல்லாம் அன்றே போயிற்று. இந்த அட்டை எழுதுபொருளா, கட்டுமானத்துக்கானதா, ஜவுளி உபகரணமா என்று கேட்டுத் திரும்பி வந்தது. ஜவுளி உபகரணம் என்றேன். அப்படியானால் வேறு பிரிவுக்கு எழுதவும் என்றார்கள். எழுதினேன். இந்த அலைச்சலில் எனக்கு ஒருவிதத் திருப்திகூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் என்னிடம் இருந்தது.

முதலில் அவர், "அட்டை வருதுங்களா?" என்று கேட்பார். ஆடி பிறந்ததும் அந்தக் கேள்வி நின்றது. "வண்டி ஒழுகலீங்களே?" என்று கேட்கத் தொடங்கினார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவேன்.

அவர் மனைவி அவ்வளவு மரியாதை பார்க்கவில்லை. கிணற்றடியில் என் மனைவியிடம், "உங்க ஊட்டுக்காரரு கடுதாசி எழுதற வேகத்துக்கு, எழுதற காகிதத்தையே பசை போட்டு ஒட்டியிருந்தா இந்நேரம் அட்டை ஆயிருக்குமுங்க அக்கா" என்றாளாம்.

அதைக் கேட்ட அன்று அலுவலகச் சாமான் அறையைத் திறந்துகொண்டு போய் நின்றேன். சாவி என்னிடம்தான் இருந்தது. பாலங்களின் வரைபடம் ஒட்டுவதற்கென்று வாங்கிய கெட்டி அட்டைகள் ஒரு கட்டு, யுத்தத்தால் பாலம் கட்டுவதே நின்றுபோனதால் பிரிக்காமல் கிடந்தது. மேலே கறையான் ஏறத் தொடங்கியிருந்தது. கையிருப்பிலிருந்து எதையும் வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி. ஓர் அட்டையை உருவி, தட்டிப் பார்த்தேன். அவருடையதைப் போலவே கணீரென்றது. கறையானைத் தட்டிவிட்டு, அட்டையைத் திரும்பச் செருகி, அறையைப் பூட்டினேன்.

எனக்காக ஒரு விதியை ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரு பார்க்க, வாசலில் உட்கார்ந்து மீறியவன் நான். அவருக்காக மீற வேண்டியது வந்தபோது விதி எனக்கு விதியாகவே தெரிந்தது. இதற்கு இத்தனை வருஷமாக ஒரு விளக்கம் தேடுகிறேன். விளக்கம் எழுதுவது என் தொழிலாக இருந்தும் கிடைக்கவில்லை.

ஆடிக் கடைசியில் அவர் சினிமா நோட்டீசுகளைப் புளியங்கொட்டைப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, நுனிக்கு வேண்டிய பட்டைகளைக் குத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தறி ஓடியதும் அவை தொய்ந்துவிடும். ஊசிகள் தப்பான இடத்தில் ஏறும். கொடி ஒவ்வொரு முறையும் நன்றாகப் படர்ந்து வந்து, நுனியில் பிய்ந்தது. அதே சேலையைத்தான் சேலத்துக்குக் கொண்டுபோனார்.

சாயங்காலம் மதிலருகே வந்து அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே. "மொதலாளி கேக்கறாருங்க, ஏம்ப்பா, உங்கூர்ல வெள்ளரிக்குத் தண்ணி கட்டறதில்லயான்னு. பழைய டிசைனையே நெய்யச் சொல்லிட்டாருங்க."

"அடுத்த வருஷம் பார்க்கலாம். அட்டை எப்படியும் வந்துவிடும்" என்றேன்.

"வேண்டாமுங்க. கொடி அட்டையெல்லாம் அவுத்துட்டனுங்க."

மறுநாளிலிருந்து பழைய தறிச் சத்தம் கேட்டது. மனுவை நான் வாபஸ் வாங்கியிருக்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. வாங்கவில்லை. ஓர் அட்டைக்கு அனுமதி வழங்கி, ஜவுளி உபகரணம் என்ற என் வாதத்தை ஏற்றுக்கொண்டு பதில் வந்தது, ஐப்பசி மாதம் கடைசித் தேதி.